திங்கட்கிழமைகளில் மட்டும் பொய் சொன்ன கருவி

மூத்த பெண்ணைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, இளையவளைக் கட்டியவன் சின்ன மாப்பிள்ளை. வீட்டில் மற்றவர்களுக்கு இது வரிசையைக் காட்டும் சொல். பெரிய மாப்பிள்ளைக்கு மட்டும் அது பதவி.

பதினெட்டு ஆண்டுகளாக அந்தப் பதவியில் இருந்தார். முதல் பன்னிரண்டு ஆண்டுகள் போட்டியே கிடையாது. போட்டியைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தவரும் அவர்தான். ஆய்வுக்கூடத்தில் தனக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த ஒருவனைக் காட்டி, “வாயில்லாப் பூச்சி மாமா, நாம ஒண்ணு சொன்னா மறுபேச்சு கிடையாது” என்று மாமனாரிடம் சிபாரிசு செய்து மச்சினிக்குக் கட்டிவைத்தார். பூச்சிக்கு வாய் இல்லை என்பது உண்மையாகவே இருந்தது. மூளை இருக்கிறதா என்று விசாரிக்க அவர் மறந்துவிட்டார்.

சகலைகள் இருவருக்கும் ஒரே கட்டடம், ஒரே மூன்றாவது மாடி, ஒரே வாயு. அம்மோனியா. குளிர்பதனக் கிடங்குகளில் குளிரை உண்டாக்கக் குழாய்களில் ஓடுவது அதுதான். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் வெளியே வரும். முதலில் கண், பிறகு நுரையீரல். அது மூக்குக்குத் தெரியும் முன்பே தெரிந்து சொல்ல ஒரு கருவி வேண்டும். அதைச் செய்வதுதான் அந்த மாடியின் வேலை.

பெரிய மாப்பிள்ளையின் கருவிக்கு வயது பதினான்கு. ஓர் அணு மட்டுமே கனமுள்ள கிராஃபீன் தாள், அதன்மேல் தங்க நானோ துகள்கள், இரண்டையும் சூடாக வைத்திருக்கப் பிளாட்டினக் கம்பி. தையல் இயந்திரம் அளவு இருக்கும். காலையில் முடுக்கினால் சூடேற இரண்டு மணி நேரம். விலை, ஒரு நல்ல கார். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவரைத் ‘தங்க சார்’ என்றார்கள். மரியாதை என்று நினைத்து அவரும் தலையை அசைப்பார்.

சின்ன மாப்பிள்ளையின் கருவி ஒரு காகிதத் துண்டு. தலைமுடி ஒன்றை நீளவாக்கில் ஆயிரம் கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்று என்ன தடிமன் இருக்குமோ, அந்தத் தடிமனில் துத்தநாக ஆக்சைடு ஊசிகளை அதன்மேல் புல் மாதிரி வளர்த்திருந்தான். வளர்த்த பாத்திரம், வீட்டில் கைப்பிடி உடைந்து ஒதுக்கிவைத்த பிரஷர் குக்கர். கருவி சோப்புப் பெட்டிக்குள் அடங்கியது. சூடேற்ற வேண்டியதில்லை. விலை ஒரு ஜோடி செருப்பு, அதுவும் தள்ளுபடியில். நூறு கோடிப் பங்கு காற்றில் பத்துப் பங்கு அம்மோனியா இருந்தாலும் ‘பத்து’ என்று எழுதிக் காட்டும். அவனை ஆய்வுக்கூடம் ‘குக்கர்’ என்று கூப்பிட்டது. அவன் அதற்கும் சிரித்தான். பெரிய மாப்பிள்ளைக்கு ஆத்திரம் மூட்டியது அந்தச் சிரிப்புதான். கிண்டல் செய்தால் புண்படத் தெரியாதவனிடம் என்னதான் செய்வது?

செய்தி மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை போய்விட்டிருந்தது.

“சின்ன மாப்பிள்ளை குக்கர்லயே கண்டுபிடிச்சிட்டாராமே!” என்றார் மாமியார், மீனின் நடுத்துண்டை எடுத்தபடி. அந்தத் துண்டு பதினெட்டு ஆண்டுகளாக எந்தத் தட்டுக்குப் போகும் என்பது தெரிந்த விஷயம். அன்று அது மேசைக்கு மேலே ஒரு கணம் தயங்கியது. “நீங்க இன்னும் தங்கம் வாங்கிட்டுத்தான் இருக்கீங்களா, மாப்பிள்ளை?”

“அம்மா, அது துகள்மா. கண்ணுக்கே தெரியாது” என்றாள் பெரிய மாப்பிள்ளையின் மனைவி, புருஷனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

“கண்ணுக்குத் தெரியாத தங்கத்துக்கா பதினாலு வருஷம்?”

நடுத்துண்டு சின்ன மாப்பிள்ளையின் தட்டில் இறங்கியது. அவன் அதை இரண்டாகப் பிட்டு, “அண்ணா, நீங்க பாதி எடுத்துக்குங்க” என்றான். பெரிய மாப்பிள்ளை வயிறு சரியில்லை என்றார். பொய்யில்லை. வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் தனக்குத்தானேகூட உரக்கச் சொல்லிக்கொண்டதில்லை. சின்ன மாப்பிள்ளையின் தலைமுடி. நாற்பத்திரண்டு வயதில் ஒரு நரை இல்லை. சாயம் பூசுகிறான் என்பது பெரிய மாப்பிள்ளையின் முடிவு. எந்தச் சாயம், அடியில் வெள்ளைக் கோடு தெரியாமல் எப்படிச் சமாளிக்கிறான் என்பதுதான் ஆறு ஆண்டுகளாகப் பிடிபடவில்லை. மாமியார் வீட்டுக் குளியலறையில் அவன் பையை ஒருமுறை திறந்தும் பார்த்தார். சீப்பு மட்டும் இருந்தது.

இப்படியிருக்க, நாற்பது குளிர்பதனக் கிடங்குகளுக்கு எந்தக் கருவியைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் நாள் வந்தது. இரண்டில் ஒன்றுதான் போகும். ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு: யாருடைய கருவியையும் அவரே சோதிக்கக் கூடாது, இன்னொருவர் உட்கார்ந்து சோதிக்க வேண்டும். சீட்டு ஒட்டாத குப்பிகளில் வாயு வரும். முதலில் வெறும் காற்றுக்குக் கருவி என்ன காட்டுகிறது என்று எழுதுவார்கள், பிறகு குப்பிகளைத் திறப்பார்கள். வெறும் காற்றுக்கு முப்பதுக்கு மேல் காட்டினால் அது பொய் எச்சரிக்கை தரும் கருவி. கதை முடிந்தது.

சின்ன மாப்பிள்ளையின் கருவியைச் சோதிக்கும் பொறுப்பை இயக்குநர் பெரிய மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

“உங்க சகலைங்கிறதுக்காகத் தயவு தாட்சண்யம் பார்த்துடாதீங்க.”

“சேச்சே” என்றார் பெரிய மாப்பிள்ளை. இயக்குநர் வாயுக்களைப் பற்றி நிறையத் தெரிந்தவர். மனிதர்கள் அவருடைய பாடமில்லை.

சோதனை அறை சின்னது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வடிகட்டிய காற்று வரும் ஒரு துவாரம். மேசையில் சோப்புப் பெட்டி. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே தங்கக் கருவி. எண்களை எழுத ஓர் அம்மாள் வருவார். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பதிவேடு எழுதுவதால் பதிவக்கா என்று பெயர். பார்த்ததை எழுதுவார்; எழுதியதை அடிக்கமாட்டார்; யார் முகத்துக்காகவும் குரலைத் தாழ்த்தமாட்டார்.

புதன், வெள்ளிகளில் சோப்புப் பெட்டி வெறும் காற்றுக்குப் பன்னிரண்டு காட்டியது. மனிதர்கள் மூச்சு விட்டால் அந்த அளவு அம்மோனியா இருக்கும், அது கணக்கில் சேராது. குப்பிகள் ஒன்று விடாமல் சரியாகச் சொன்னது. பெரிய மாப்பிள்ளை இருட்டில் படியைத் தேடுபவர் மாதிரி ஒரு குறை தேடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கிடைத்தது.

“வெறும் காற்று, அறுபத்தி மூணு” என்றார் பதிவக்கா.

“தங்கம்?”

“பூஜ்யம்.”

அடுத்த திங்கள் ஐம்பத்தெட்டு. அதற்கடுத்த திங்கள் அறுபத்தாறு. தங்கக் கருவி மூன்று திங்களும் பூஜ்யம். பெரிய மாப்பிள்ளை தன் அறிக்கையில் ‘வாரத் தொடக்கத் தடுமாற்றம்’ என்று ஒரு தலைப்பே போட்டார். பதினான்கு ஆண்டுகளில் அவர் இவ்வளவு மகிழ்ச்சியாக எதையும் எழுதியதில்லை.

சின்ன மாப்பிள்ளை இளைத்துப்போனான். காற்று வடிகட்டியை மாற்றினான். தரை துடைக்கும் திரவத்தை மாற்றச் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான், பன்னிரண்டைத் தாண்டவில்லை. நடைபாதையில் பெரிய மாப்பிள்ளையைப் பிடித்தான்.

“அண்ணா, ஒண்ணு கவனிச்சீங்களா? திங்கட்கிழமை காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி பன்னிரண்டுதான் இருக்கு. நீங்க உக்காந்தப்புறம்தான் ஏறுது.”

“அப்ப என்னைப் பார்த்தா உன் கருவிக்குப் பயமா தம்பி?”

“அப்படி இல்லண்ணா…”

“பயந்த கருவியைக் கொண்டுபோய் நாப்பது கிடங்குல வைக்கப் போறியா?”

அவன் சிரித்தான். ஆனால் இந்தமுறை கொஞ்சம் புண்பட்டது தெரிந்தது. பெரிய மாப்பிள்ளை அன்று மதியம் இரண்டு டீ குடித்தார்.

இன்னும் ஒரு ஆதாரம் இருந்தால் அறிக்கை கெட்டியாகும் என்று தோன்றியது. ‘வீட்டுச் சூழலில் சோதனை’ என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை சோப்புப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார். கூடத்தில் வைத்தார்: பன்னிரண்டு. சமையலறையில் வைத்தார்: பதினான்கு. செருப்பு அலமாரிக்குள்கூட வைத்தார். பதினைந்து. அது ஒழுக்கமான கருவி. ஞாயிறும் போயிற்று. திங்கள் அதிகாலை, குளியலறையில் ஈரம் இருக்குமே, அங்கே தடுமாறுகிறதா பார்க்கலாம் என்று அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக்குக் கீழே, பற்பசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திங்கட்கிழமைகளில் ஐந்தரை மணிக்குத் தான் வழக்கமாகச் செய்வதைச் செய்யத் தொடங்கினார்.

கிண்ணத்தில் சாயத்தைக் கலந்தார். சின்னத் தூரிகையை மீசையில் வைத்தார்.

சோப்புப் பெட்டி அலறியது.

அது அப்படி அலறும் என்பதே அவருக்குத் தெரியாது. ஆயிரத்துக்கு மேல் போனால் அலறும்படி அவன் வைத்திருந்தான். திரையில் ஆயிரத்து நூறு. ஆயிரத்து நானூறு. அவர் துண்டைப் போட்டு மூடினார், துண்டுக்குள்ளிருந்து அலறியது.

“என்னங்க, உள்ள என்ன கத்துது?” கதவுக்கு வெளியே மனைவி.

“ஒண்ணுமில்ல! நீ போய்ப் படு!”

“தீப்பிடிச்சிடுச்சா?”

“இல்லடி!”

“அப்புறம் ஏன் கதவைத் திறக்க மாட்டேங்கறீங்க?”

“மீசை… முகம் கழுவிட்டிருக்கேன்!”

“சரி சரி. பொறுமையாப் பூசிட்டு வாங்க” என்றாள் மனைவி. பதினொரு ஆண்டு ரகசியம் அந்த ஒரு சொல்லில் போயிற்று. அவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. சாயப் பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ‘அம்மோனியா அறவே அற்றது’ என்று பச்சை எழுத்தில், ஓர் இலைப் படத்துடன், கொட்டை கொட்டையாகப் போட்டிருந்தது. அம்மோனியாவில் பதினான்கு ஆண்டுகள் ஊறிய மனிதர், ஓர் இலைப் படத்தை நம்பிப் பதினொரு ஆண்டுகள் அம்மோனியாவை மீசையில் தடவிக்கொண்டிருந்திருக்கிறார்.

பாதி மீசையுடன் குளியலறை முக்காலியில் உட்கார்ந்தார். எண்கள் வரிசையாக வந்து நின்றன. அறுபத்து மூன்று நான். ஐம்பத்தெட்டு நான். அறுபத்தாறு, அன்றைக்குக் கிருதாவுக்கும் சேர்த்துப் பூசினேன், அதுவும் நான். கருவி ஒருநாளும் பொய் சொல்லவில்லை.

அதைவிட மோசமான எண் ஒன்று பாக்கி இருந்தது. பூஜ்யம்.

தலைக்கு ஒரு முழ தூரத்தில் இருந்த தங்கக் கருவிக்கு ஏன் எதுவும் தெரியவில்லை? யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், கருவி வரையும் கோடு நடுங்கிக்கொண்டே இருக்கிறது என்று ஒரு கருத்தரங்கில் யாரோ கேட்டுவிட்டார்கள். கோபத்தில், இருநூறுக்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யம் என்று காட்டு என அதன் நிரலில் ஒரு வரி எழுதிச் சேர்த்தார். கோடு அதற்குப் பிறகு அழகாகப் படுத்துக்கொண்டது. எல்லாரும் பாராட்டினார்கள். சேர்த்ததையே மறந்துபோனார். கருவிக்குக் கண்ணைக் கட்டிவிட்டு, எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று மீசையின் மறுபாதியையும் பூசிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். வேறு என்ன செய்வது? பாதியோடு போக முடியுமா? சோதனை அறையில் எழுபத்தொன்று வந்தது. பதிவக்கா எழுதினார். அவர் கையெழுத்துப் போட்டார்.

இறுதிக் கூட்டம் அடுத்த திங்கட்கிழமை. அந்த ஒரு வாரம் பெரிய மாப்பிள்ளைக்குள் ஒரு நீதிமன்றம் நடந்தது. நீதிபதியும் அவரே, வக்கீலும் அவரே. சொல்லாமல் இருந்தால் குக்கர் கதை முடிந்தது, தங்கம் போகும், நடுத்துண்டு திரும்ப வரும். சொன்னால் சாயமும் வெளுக்கும், தங்கமும் வெளுக்கும். வியாழக்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தார். அவரைப் போன்றவர்கள் எப்போதும் கண்டுபிடிக்கும் வழி: நல்லவனாகவும் இருக்க வேண்டும், கையிலிருந்து எதுவும் போகவும் கூடாது. திங்கட்கிழமை சாயம் பூசாமல் போவது. கருவி பன்னிரண்டு காட்டும், அவன் பிழைத்துக்கொள்வான், காரணம் யாருக்கும் தெரியாது. மீசையில் மூன்று வார வெள்ளை இல்லை, ஒரு வார வெள்ளைதான். விளக்கைப் பார்த்து உட்காராமல் இருந்தால் போதும். தன் பெருந்தன்மையை அவரே மெச்சிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தின் முடிவில் ஆண்டு மலருக்காகப் புகைப்படம் எடுக்கப்படும், அனைவரும் நேர்த்தியாக வரவும். பெரிய மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டுத் தன் வெள்ளையை நினைத்துப் பெருமூச்சு விட்டார். மற்றவர்களைப் பற்றி நினைக்கவில்லை. அது அவருடைய பழக்கம் இல்லை.

திங்கட்கிழமை அந்தச் சின்ன அறைக்குள் நாற்காலிகள் போட்டு இயக்குநர், துணை இயக்குநர், வெளியிலிருந்து வந்த பேராசிரியர், பாதுகாப்புப் பொறியாளர் நால்வரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பொறியாளர் முழு வழுக்கை. மற்ற மூவரும் மணப்பந்தலுக்குப் போகிறவர்கள் மாதிரி மின்னினார்கள். கதவருகே கிடங்கிலிருந்து வந்த மேஸ்திரி ஒருவர், கம்பளித் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“இவ்வளவு நுணுக்கம் உங்களுக்கு எதுக்கு? வாசனை வந்தா ஓடிட மாட்டீங்களா?” என்றார் பேராசிரியர் அவரிடம்.

“மூக்குக்குத் தெரியறப்ப எங்க ஓடறதுங்க? போன வருஷம் என் கூட்டாளி கதவு வரைக்கும் வந்துட்டான். கதவு இருக்கிறது கண்ணுக்குத் தெரியல” என்றார் மேஸ்திரி. “இன்னைக்கும் தெரியல. பொண்ணு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது.”

பேராசிரியர் தன் காகிதங்களைச் சரிசெய்தார்.

பெரிய மாப்பிள்ளை விளக்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். சின்ன மாப்பிள்ளை எதிரே நின்று சோப்புப் பெட்டியை முடுக்கினான்.

“வெறும் காற்று” என்றார் பதிவக்கா. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நூத்தி எண்பத்தேழு.”

இயக்குநர் திரையை எட்டிப் பார்த்தார்.

“தங்கம்?” என்றார் இயக்குநர்.

“பூஜ்யம்.”

“அறிக்கையில எழுதியிருந்தீங்களே, அதேதான்” என்றார் இயக்குநர் பெரிய மாப்பிள்ளையைப் பார்த்து, பாராட்டாக. “இன்னைக்கு மூணு மடங்கு.”

பெரிய மாப்பிள்ளை அந்த எண்ணையே பார்த்தார். நான் பூசவில்லையே! பிறகு இயக்குநரின் தலையைப் பார்த்தார். துணை இயக்குநரின் கிருதாவைப் பார்த்தார். பேராசிரியரின் புருவத்தைப் பார்த்தார், புருவமுமா! நூற்று எண்பத்தேழில் யாருக்கு எவ்வளவு என்று மனம் தானாகவே பங்கு போட்டது. அவர் எதுவும் செய்யவில்லை. ஒரு பாவமும் செய்யாமல் வெற்றி அவர் மடியில் வந்து விழுந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பதினான்கு ஆண்டுகளாக அவருக்கு யாரும் இவ்வளவு சுலபமான வேலை கொடுத்ததில்லை.

“தம்பி, என்ன சொல்றீங்க?” என்றார் துணை இயக்குநர்.

சின்ன மாப்பிள்ளை திரையைப் பார்த்தான், பெரிய மாப்பிள்ளையைப் பார்த்தான். “அண்ணன் ஒரு மாசமா சொல்றாங்க. எனக்குத்தான் புரியல” என்றான். “இந்த எண் தப்புங்க. கருவியை நான் திரும்ப எடுத்துக்கிறேன்.”

மேஸ்திரி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனார்.

பெரிய மாப்பிள்ளைக்கு அந்தக் கணத்தில் சகலை மேல் பாசம் பொங்கியது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பொங்கவில்லை. அவருக்கு வந்தது எரிச்சல். தப்பாம்! சரியான எண்ணைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தப்பு என்கிறானே, இவனுக்கு யார் வேலை கொடுத்தது? அவர் பொறாமைப்பட்டது மனிதன் மேல். எண் என்ன செய்தது? பதினான்கு ஆண்டுகள் இப்படி ஓர் எண்ணுக்காகத்தான் தவம் கிடந்தார். அது அடுத்தவன் வீட்டில் பிறந்துவிட்டது, அவ்வளவுதான்.

“எண் சரி” என்றார்.

“என்ன சார்?” பதிவக்கா பேனாவைத் தூக்கினார்.

“எண் சரின்னு எழுதுங்க. ஐயா, எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் வெளியில போய் நிக்கணும்.”

“நாங்களா?” என்றார் இயக்குநர்.

“நானும்தான். தம்பியும் பதிவக்காவும் மட்டும் உள்ள இருக்கட்டும்.”

நடைபாதையில் ஆறு பேரும் தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி சுவரோரம் நின்றார்கள். உள்ளேயிருந்து பதிவக்காவின் குரல் எண்ணிக்கொண்டே இறங்கியது. நூற்று நாற்பது. எண்பது. முப்பது. பதினொன்று.

“பதினொண்ணுலயே நிக்குது சார்!”

“இப்ப ஒவ்வொருத்தரா உள்ள போவோம்” என்றார் பெரிய மாப்பிள்ளை. “முதல்ல பொறியாளர் சார்.”

வழுக்கைப் பொறியாளர் போனார். “பன்னிரண்டு.” அவர் வெளியே வந்து, எதற்கென்று தெரியாமலேயே பெருமையாக நின்றார்.

பெரிய மாப்பிள்ளை போனார். “இருபது” என்றார் பதிவக்கா. “போன வாரம் எழுபத்தொண்ணு இருந்தீங்களே சார்.”

துணை இயக்குநர்: நாற்பத்தொன்று. பேராசிரியர்: ஐம்பத்தேழு. கடைசியாக இயக்குநர் உள்ளே கால் வைத்தார்.

“தொண்ணூத்தி நாலு!” பதிவக்காவின் குரல் நடைபாதையின் மறுகோடி வரை போயிற்று. “இன்னும் ஏறுது சார், கொஞ்சம் அப்படியே நில்லுங்க!”

“என்ன இது?” என்றார் இயக்குநர். “எதை அளக்குது?”

பெரிய மாப்பிள்ளை வாசலில் நின்றார். விளக்கு நேரே அவர் மீசையில் அடித்தது. “அம்மோனியாவைத்தான் அளக்குதுங்க. தலைச்சாயத்துல இருக்கு. பெட்டியில இல்லைன்னு போட்டிருப்பான், நம்பாதீங்க. பதினோரு வருஷமா நான் திங்கட்கிழமை காலையில பூசறேன். இன்னைக்குப் பூசல.”

இயக்குநரின் கை தானாகத் தலைக்குப் போய், பாதியில் கீழே இறங்கியது. “நான் பூசறதில்லையே” என்றார்.

“நூத்தி ஒண்ணு” என்றார் பதிவக்கா.

மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். பொறியாளர் அடுத்து. வழுக்கைத் தலைக்குச் சிரிக்க முழு உரிமை இருந்தது.

“அப்ப தங்கக் கருவி ஏன் பூஜ்யம் காட்டுச்சு?” பேராசிரியர் கேட்டார். தன்னை விட்டுப் பேச்சு வேறு பக்கம் போக வேண்டும் என்ற அவசரம் குரலில் இருந்தது.

“இருநூறுக்குக் கீழ பார்க்காதுங்க. நான்தான் கண்ணைக் கட்டினேன்” என்றார் பெரிய மாப்பிள்ளை. பதிவக்கா அதையும் எழுதிக்கொண்டார்.

கருவி கிடங்குகளுக்குப் போவதென்று முடிவாயிற்று. புகைப்படம் எடுக்கப்படவில்லை, நேரமில்லை என்றார் இயக்குநர். மேஸ்திரி சோப்புப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, “இவ்வளவுதானா? இதை ஒவ்வொரு கதவுக்கும் ஒண்ணு மாட்டலாமே” என்றார்.

நடைபாதையில் சின்ன மாப்பிள்ளை வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. “அண்ணா, எனக்காக உங்க…”

“உனக்காக ஒண்ணுமில்ல. எண்ணைத் தப்புன்னு சொன்னியே, அதுக்குத்தான் கோவம்” என்றார் பெரிய மாப்பிள்ளை. உண்மையைச் சொல்லும்போது மனிதர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. எல்லாரும் வெளியே நின்ற அந்த ஐந்து நிமிடம். உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். கருவிக்கு மேலே குனிந்து நின்றது இவன் தலை. பதினொன்று. மூச்சு மட்டும்.

“தம்பி” என்றார். “உன் தலை…”

“என்னண்ணா?”

“ஒண்ணுமில்ல.”

அந்த ஞாயிறு மாமியார் வீட்டில் நடுத்துண்டு யாரையும் கேட்காமல் பெரிய மாப்பிள்ளையின் தட்டுக்கு வந்தது. “வெள்ளை மீசை உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு மாப்பிள்ளை. பெரிய மனுஷன் மாதிரி” என்றார் மாமியார். மச்சினி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். மனைவி இலைப் படம் போட்ட பெட்டிகள் நான்கையும் குப்பையில் போட்டதாகச் சொன்னாள். நான்கு இருந்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

சின்ன மாப்பிள்ளை ஒரு சோப்புப் பெட்டியை அன்பளிப்பாகக் கொண்டுவந்திருந்தான். “முதல்ல செஞ்சதுண்ணா. உங்க வீட்டுலதான் இருக்கணும்.”

அது இப்போது அவர் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சகலை வரும்போதெல்லாம் பெரிய மாப்பிள்ளை எழுந்துபோய், “இங்க உக்காரு தம்பி, காத்து நல்லா வரும்” என்று அதன் பக்கத்து நாற்காலியைக் காட்டுகிறார். அவனும் உட்காருகிறான். பெரிய மாப்பிள்ளை செய்தி கேட்பவர் போலச் சோப்புப் பெட்டியின் திரையைப் பார்க்கிறார்.

பதினொன்று. சென்ற வாரம் ஒருமுறை பதின்மூன்று வந்தது. எழுந்து கிட்டே போய்ப் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டது.